வானத்தைப் படம் பிடித்த பர்னார்டு

பள்ளிக்கூடத்துக்கு அவர் போனது மொத்தமே 2 மாதம்தான். 9 வயது நிறைவதற்குள் வேலைக்குப் போய்விட்டார். தகப்பனார் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

இன்று வானத்தில் ஒரு நட்சத்திரம் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. இரவு வானத்தைக் காமிராவில் படம் பிடிப்பவர்கள் அனைவருக்கும் அவர் முன்னோடி.

அவர்தான் எட்வர்டு எமர்சன் பர்னார்டு.

மெழுகுப் பூ செய்த தாய்

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் தலைநகர் நாஷ்வில். அங்கே 1857-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி பர்னார்டு பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் எலிசபெத், மெழுகினால் பூக்கள் செய்து விற்று, 2 பிள்ளைகளையும் காப்பாற்றினார்.

குழந்தைக்கு 3 வயது ஆனபோது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. போர் நாஷ்வில் நகரையும் விட்டுவைக்கவில்லை. உணவுப் பொருள் கிடைப்பது அரிதாகிவிட்டது. போர் முடிந்த மறு ஆண்டே காலரா வந்தது. அந்த நோய் பர்னார்டையும் பிடித்தது. அவர் பிழைத்துக்கொண்டது பெரிய காரியம்.

வீட்டில் பணம் இல்லாவிட்டாலும், தாய் மகனுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

கோடைக்கால இரவுகளில் சிறுவன் ஒரு பழைய வண்டியில் மல்லாந்து படுத்துக்கொள்வான். நேராகத் தலைக்கு மேலே ஒரு பிரகாசமான நட்சத்திரம் தெரியும். அதற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை.

சூரியனுக்குக் காவல்

1866-ம் ஆண்டு, நாஷ்வில் நகரில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில் தாய் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டார்.

அந்தக் காலத்தில் மின்சார விளக்கு கிடையாது. சிறிய படத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் சூரிய வெளிச்சம்தான் வேண்டும். அதற்காக ஸ்டூடியோவின் மொட்டை மாடியில் ஒரு பெரிய இயந்திரம் வைத்திருந்தார்கள். அதற்கு 'ஜூபிடர்' என்று பெயர். வியாழன் என்று பொருள். சூரிய ஒளி அதன் லென்ஸ் வழியாகப் புகுந்து, நெகட்டிவைக் கடந்து, காகிதத்தில் விழும். படம் பதிவதற்கு வெகு நேரம் ஆகும்.

சூரியன் ஓர் இடத்தில் நிற்பது இல்லையே! அது நகர நகர, இயந்திரத்தையும் கூடவே திருப்பிக்கொண்டு இருக்க வேண்டும். சிறிது தவறினாலும் படம் கெட்டுவிடும். இந்த வேலைக்கு வந்த பையன்கள், வெயிலில் உட்கார்ந்த அலுப்பில் தூங்கிப் போனார்கள். முதலாளியும் ஆளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பர்னார்டு தூங்கவில்லை. நாள் முழுவதும் சூரியனைப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

அப்போது ஒன்றைக் கவனித்தான். நகரத்தில் பகல் 12 மணி அடிக்கும்போது சூரியன் எல்லா நாளும் ஒரே இடத்தில் இருப்பது இல்லை. சில மாதங்களில் முந்துகிறது. சில மாதங்களில் பிந்துகிறது. இது வான நூலார் அறிந்த விஷயம்தான். கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் சில சமயம் 16 நிமிடம் வரை வித்தியாசம் வரும். ஆனால் யாரும் சொல்லாமல், புத்தகம் எதையும் பார்க்காமல், மாடியில் நின்ற அந்தச் சிறுவன் அதைத் தானாகவே கண்டுகொண்டான்.

அந்த ஸ்டூடியோவில் அவர் ஏறக்குறைய 17 ஆண்டுகள் வேலை பார்த்தார். படம் எடுப்பது, கழுவுவது, பிரதி போடுவது என்று எல்லாத் தொழிலும் கைவந்துவிட்டது.

கடனுக்கு ஈடாக வந்த புத்தகம்

ஒரு நாள், தெரிந்தவர் ஒருவர் வந்து 2 டாலர் கடன் கேட்டார். அடமானமாக ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கடன் திரும்பி வராது என்று பர்னார்டுக்குத் தெரியும். எரிச்சலோடு புத்தகத்தைப் பிரித்தார்.

அது தாமஸ் டிக் என்பவர் எழுதிய வான நூல். உள்ளே நட்சத்திரப் படங்கள் இருந்தன. ஜன்னல் ஓரமாகப் போய் நின்று, படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிறு வயதில் வண்டியில் படுத்துக்கொண்டு பார்த்த அந்த நட்சத்திரத்தின் பெயர் வேகா என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்த 2 டாலர் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

ஸ்டூடியோ நண்பர் ஒருவரின் உதவியால் முதலில் ஒரு சிறிய டெலஸ்கோப் கிடைத்தது. அதில் வியாழனையும் அதன் சந்திரன்களையும் பார்த்ததும் ஆசை பெரிதாயிற்று. பிறகு 5 அங்குல லென்ஸ் பொருத்திய நல்ல டெலஸ்கோப் ஒன்றை 380 டாலர் கொடுத்து வாங்கினார். அது அவருடைய ஓர் ஆண்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு! அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை.

அவமானமும் கணக்குப் பாடமும்

1877-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகளின் மாநாடு நாஷ்வில் நகரிலேயே நடந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் சைமன் நியூகோம். அந்நாளில் அமெரிக்காவின் தலைசிறந்த வான நூல் அறிஞர் அவர்.

பர்னார்டு அவரைச் சந்தித்து, தான் என்ன செய்யலாம் என்று கேட்டார். உயர்ந்த கணிதம் தெரியுமா என்று நியூகோம் விசாரித்தார். தெரியாது என்றதும், கணிதம் இல்லாமல் இந்தத் துறையில் பெரிதாக எதையும் சாதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

பர்னார்டு மாநாட்டுக் கட்டிடத்தின் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று அழுதார்.

ஆனால் டெலஸ்கோப்பை விற்றுவிடவில்லை. சொந்தப் பணத்தில் ஆசிரியர் வைத்துக் கணிதம் படிக்கத் தொடங்கினார். பகலில் ஸ்டூடியோ, மாலையில் பாடம், இரவில் வானம் என்று நாட்கள் ஓடின.

1881-ம் ஆண்டு, ரோடா கால்வர்ட் என்ற பெண்ணை மணந்தார். ரோடா இங்கிலாந்தில் பிறந்தவர். நோயாளியாகிவிட்ட மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். அதனால்தான் பர்னார்டு கவலை இல்லாமல் இரவெல்லாம் கண் விழிக்க முடிந்தது.

வால் நட்சத்திரம் கட்டிய வீடு

அப்போது வார்னர் என்ற செல்வந்தர் ஒரு பரிசு அறிவித்திருந்தார். அமெரிக்காவில் யார் புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தாலும் 200 டாலர் கொடுப்பதாகச் சொன்னார்.

1881-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பர்னார்டு ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பரிசு கிடைத்தது. அதை நம்பிக் கடன் வாங்கி ஒரு சிறு வீடு கட்டத் தொடங்கினார். கடன் தவணை வரும் காலத்தில், எப்படியோ இன்னொரு வால் நட்சத்திரம் அகப்பட்டுவிடும்! அந்த வீட்டுக்கு 'வால் நட்சத்திர வீடு' என்றே பெயர் வந்துவிட்டது.

அவர் புகழ் ஊரில் பரவியது. 1883-ம் ஆண்டு நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்குள்ள டெலஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று உதவித்தொகை கொடுத்தது. பர்னார்டு ஸ்டூடியோ வேலையை விட்டார். 25 வயதில், மனைவியோடு, கல்லூரி மாணவர் ஆனார்.

மீண்டும் குமாஸ்தா

கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலை உச்சியில் லிக் வானாராய்ச்சி நிலையம் உருவாகிக்கொண்டு இருந்தது. லென்ஸ் டெலஸ்கோப்புகளில் அப்போது உலகிலேயே பெரியதான 36 அங்குல டெலஸ்கோப் அங்கே அமைக்கப்பட்டது. அங்கு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1887-ம் ஆண்டு பர்னார்டு தம்பதி சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டார்கள்.

போய்ப் பார்த்தால், நிலையம் இன்னும் திறக்கப்படவில்லை. சம்பளமும் இல்லை. முன்பின் தெரியாத ஊரில் வயிற்றுப்பாட்டுக்கு வழி வேண்டுமே! சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். பல வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர், மாதக்கணக்கில் மேஜை முன்னால் உட்கார்ந்து பத்திரம் எழுதினார்.

1888-ம் ஆண்டு நிலையம் திறந்தது. வேலையும் கிடைத்தது. ஆனால் பெரிய டெலஸ்கோப்பைத் தொட அனுமதி கிடைக்கவில்லை. நிலையத்தின் தலைவருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. சிறிய கருவிகளே அவருக்கு ஒதுக்கப்பட்டன.

முகம் எடுக்கும் லென்ஸ்

சிறிய கருவியோடு அவர் சும்மா இருக்கவில்லை. லிக் நிலையத்தில் ஒரு பழைய 6 அங்குல லென்ஸ் இருந்தது. போட்டோகிராபர் ஒருவரிடம் இருந்து வாங்கியது. மனிதர்களை உட்கார வைத்து முகத்தைப் படம் எடுப்பதற்காகச் செய்யப்பட்ட லென்ஸ் அது.

பர்னார்டுக்கு அந்த வகை லென்சின் அருமை தெரியும். பெரிய டெலஸ்கோப், வானத்தில் மிகச் சிறிய இடத்தைத்தான் காட்டும். இந்த லென்சோ பரந்த இடத்தை ஒரே படத்தில் அடக்கும். வெளிச்சத்தையும் நன்றாக இழுக்கும். ஆகாய கங்கை என்று நாம் சொல்லும் பால்வீதியைப் படம் எடுக்க இதுதான் சரி என்று அவர் முடிவு செய்தார்.

1889-ம் ஆண்டு கோடையில் வேலை தொடங்கியது. ஒரு படத்துக்கு 3 மணி நேரத்துக்கும் மேல் பிளேட்டைத் திறந்து வைக்க வேண்டும். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 பாகை நகர்ந்துகொண்டே இருக்கும். காமிராவைத் திருப்பும் கடிகார இயந்திரம் அவ்வளவு துல்லியமானது அல்ல. ஆகவே பக்கத்தில் உள்ள சிறு டெலஸ்கோப்பில் ஒரு நட்சத்திரத்தைக் குறி வைத்துக்கொண்டு, அது விலகும்போதெல்லாம் கையால் சரி செய்ய வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. அயர்ந்தால் புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாக விழுந்துவிடும்.

23 ஆண்டுகளுக்கு முன் மொட்டை மாடியில் பழகிய அதே வேலைதான் இது. அன்று சூரியன், இன்று நட்சத்திரம்.

பிளேட்டைக் கழுவிப் பார்த்தபோது, பால்வீதி வெறும் வெண்மையான பட்டையாக இல்லை. கொத்துக் கொத்தாக, மேகம் மேகமாக, கணக்கற்ற நட்சத்திரங்கள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே கரிய கோடுகளும் கரிய திட்டுகளும் விழுந்திருந்தன. மனிதக் கண் அதுவரை அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

1892-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அவர் எடுத்த ஒரு படத்திலேயே புதிய வால் நட்சத்திரம் ஒன்று சிக்கியது. போட்டோ மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால் நட்சத்திரம் அதுதான். பிறகு அது காணாமல் போய், 116 ஆண்டுகள் கழித்து 2008-ம் ஆண்டு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

வியாழனின் 5-வது சந்திரன்

1892-ம் ஆண்டு நடுவில்தான், வாரத்தில் ஓர் இரவு பெரிய டெலஸ்கோப் அவர் கைக்கு வந்தது. வெகு காலம் ஆகவில்லை. செப்டம்பர் 9-ந் தேதி இரவு, வியாழனுக்கு மிக அருகில் ஒரு சின்னஞ்சிறு ஒளிப்புள்ளியைக் கண்டார். வியாழனின் பளீரென்ற ஒளி கண்ணைக் கூசச் செய்ததால், அதை மறைத்துக்கொண்டு பார்த்தார். அது புதிய சந்திரன்!

வியாழனின் 4 சந்திரன்களைக் கலீலியோ 1610-ம் ஆண்டு கண்டுபிடித்தார். அதன் பிறகு 282 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் இருந்த 5-வது சந்திரனை பர்னார்டு கண்டுபிடித்தார். இப்போது அதற்கு அமால்தியா என்று பெயர். டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தே கண்டுபிடிக்கப்பட்ட கடைசிச் சந்திரன் அதுதான். அதற்குப் பின் வந்தவை எல்லாம் படங்களிலும் விண்கலங்களிலும் அகப்பட்டவை.

லண்டனில் உள்ள ராஜரீக வானியல் கழகம் 1897-ம் ஆண்டு அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

உறைபனி இரவுகள்

1895-ம் ஆண்டு அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்துக்கு மாறினார். விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற ஊரில் 40 அங்குல டெலஸ்கோப்புடன் அது அமைந்தது.

1897-ம் ஆண்டு மே மாதம் ஒரு நாள் விடியற்காலையில், மேலும் கீழும் ஏறி இறங்கும்படி செய்திருந்த அங்குள்ள பிரம்மாண்டமான தளம் அறுந்து விழுந்து நொறுங்கியது. சிறிது நேரம் முன்புதான் பர்னார்டு அங்கே நின்று வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அங்கே குளிர்காலம் மிகக் கடுமையானது. கூடத்துக்குள் அடுப்பு மூட்டவும் முடியாது. சூடான காற்று மேலே எழுந்தால் நட்சத்திரம் நடுங்கித் தெரியும். ஆகவே உறைநிலைக்கு வெகு கீழே போன குளிரிலும், கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு முழுவதும் நின்றார்.

வடதிசை வானத்தில் பச்சையும் சிவப்புமாகத் துருவ ஒளி தோன்றினால், எந்த நேரத்தில் எழுந்தது, எப்படி அசைந்தது, எப்போது அடங்கியது என்று குறித்து வைப்பார். இந்தக் குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வெளியிட்டார்.

எல்லா முயற்சியும் பலித்துவிடவில்லை. 1901-ம் ஆண்டு பூரண சூரிய கிரகணத்தைப் படம் எடுக்க, கருவிகளோடு கடல் கடந்து சுமத்ரா தீவுக்குப் போனார். கிரகண நேரத்தில் மேகம் வந்து மறைத்துவிட்டது.

1904-ம் ஆண்டு, காதரின் புரூஸ் என்ற பெண்மணி கொடுத்த நன்கொடையில், படம் எடுப்பதற்கென்றே ஒரு 10 அங்குலக் கருவி தயாராயிற்று. மறு ஆண்டு அதைக் கலிபோர்னியாவில் உள்ள வில்சன் மலைக்குக் கொண்டுபோனார். விஸ்கான்சின் வடக்கே இருப்பதால், பால்வீதியின் செழிப்பான தென்பகுதி அங்கே அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். வில்சன் மலையில் அது இன்னும் உயரமாக எழும். அங்கே தங்கிய சில மாதங்களில் அவருடைய மிகச் சிறந்த படங்கள் பிறந்தன.

1916-ம் ஆண்டு, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டபோது, ஒரு மங்கலான நட்சத்திரம் இடம் மாறியிருப்பதைக் கண்டார். வேறு எந்த நட்சத்திரமும் வானத்தில் அவ்வளவு வேகமாக நகர்வது இல்லை. அதுதான் பர்னார்டு நட்சத்திரம். நம்மிடம் இருந்து 6 ஒளி ஆண்டு தூரத்தில் உள்ளது. அதைச் சுற்றி ஒரு கிரகம் இருப்பதாக 2024-ம் ஆண்டு விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

ஓட்டையா, மேகமா?

ஆனால் அவர் மனதை அதிகமாக அலைக்கழித்தவை, படங்களில் விழுந்த அந்தக் கரிய திட்டுகள்தான்.

அவை வானத்தில் உள்ள ஓட்டைகள் என்றே பலரும் நம்பினார்கள். நட்சத்திரம் இல்லாத வெற்றிடம் என்பது கருத்து. பர்னார்டும் தொடக்கத்தில் அப்படியே நினைத்தார். ஆனால் படங்கள் சேரச் சேர, சந்தேகம் வந்தது. ஓட்டை என்றால், கோடிக்கணக்கான நட்சத்திரங்களைத் துளைத்துக்கொண்டு ஒரு நீண்ட சுரங்கம் போக வேண்டும். அதன் வாயும் நேராக நம் பூமியைப் பார்த்து இருக்க வேண்டும். ஒன்று இரண்டு அப்படி இருக்கலாம். நூற்றுக்கணக்கானவை எப்படி இருக்க முடியும்?

ஆனாலும் அவர் அவசரப்படவில்லை. ஆண்டுகள் ஓடின.

1913-ம் ஆண்டு கோடையில், சந்திரன் இல்லாத ஒரு தெளிவான இரவு. அவர் தனுசு ராசிப் பக்கம் உள்ள பால்வீதியைப் படம் எடுத்துக்கொண்டு இருந்தார். அப்போது நம் பூமியின் வானத்தில் மிதக்கும் சாதாரண மேகங்கள், சின்னச் சின்னத் துண்டுகளாக அந்தப் பக்கம் வந்தன. பின்னால் நட்சத்திர ஒளி இருந்ததால், அந்த மேகத் துண்டுகள் மை சிந்தியது போல் கன்னங்கரேலென்று தெரிந்தன. அவருடைய பிளேட்டுகளில் விழுந்த திட்டுகளும் அச்சாக அப்படியேதான் இருந்தன!

ஒளியை மறைக்கும் பொருள் ஒன்று நட்சத்திரங்களுக்கு முன்னால் நிற்கிறது என்ற எண்ணம் அவர் மனதில் உறுதிப்பட்டது. 1919-ம் ஆண்டு, 182 கரிய திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். அவர் இறந்த பிறகு, 1930-ம் ஆண்டு, அவர் முன்பு வேலை செய்த லிக் நிலையத்திலேயே டிரம்ப்ளர் என்ற விஞ்ஞானி, நட்சத்திரங்களுக்கு இடையே தூசி பரவி ஒளியை மங்கச் செய்கிறது என்பதை அளந்து காட்டினார்.

இன்று நமக்குத் தெரியும். அவை மிக நுண்ணிய தூசியும் வாயுவும் திரண்ட மேகங்கள். அவற்றுக்குள்தான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. ஒன்றும் இல்லாத இடம் என்று ஒதுக்கப்பட்டவை, நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களாக இருந்தன! குதிரைத் தலை போன்ற புகழ்பெற்ற கரிய மேகம், அவர் பட்டியலில் 33-வது.

35,700 படங்கள்

பால்வீதிப் படங்களை ஒரு பெரிய நூலாக வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை. வாஷிங்டன் கார்னெகி நிறுவனம் பண உதவி செய்தது. அச்சு இயந்திரத்தில் அடித்தால் நுட்பமான கருமையும் வெண்மையும் போய்விடும் என்று அவர் பயந்தார். ஆகவே ஒவ்வொரு படத்தையும் அசல் போட்டோவாகவே பிரதி போட்டு ஒட்ட வேண்டும் என்றார்.

நூலில் 51 படங்கள். பிரதிகள் 700. மொத்தம் 35,700 போட்டோக்கள்! ஒவ்வொன்றையும் பர்னார்டே கையில் எடுத்துப் பார்த்தார். சரியில்லாததைத் தள்ளினார். பழைய ஸ்டூடியோ தொழிலாளி கடைசி வரை தொழிலை விடவில்லை.

1914-ம் ஆண்டு முதல் அவரை நீரிழிவு நோய் வாட்டியது. 1921-ம் ஆண்டு மனைவி ரோடா இறந்தார். 40 ஆண்டுத் துணை போய்விட்டது. 1923-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, 65-வது வயதில் பர்னார்டு காலமானார். அவர் உடல் நாஷ்வில் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. குழந்தைகள் இல்லை.

நூல் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. ரோடாவின் உறவுப் பெண்ணும், அவருக்கு உதவியாளராக இருந்தவருமான மேரி கால்வர்ட்டும், நிலையத் தலைவர் பிராஸ்டும் பாக்கி வேலையை முடித்தார்கள். 1927-ம் ஆண்டு நூல் வெளிவந்தது. அதில் உள்ள கரிய மேகங்களின் எண்ணிக்கை 349.

பர்னார்டு வில்சன் மலை வரை தேடிப்போன அந்தத் தென்பகுதிப் பால்வீதி, தென்னிந்தியாவில் இன்னும் உயரமாக எழுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில், சந்திரன் இல்லாத பின்னிரவில் தெற்குத் திசையைப் பார்த்தால் அது தெரியும். வெண்மையான ஒளிக்கு நடுவே ஓடும் கரிய பிளவையும் கண்ணாலேயே பார்க்கலாம். அது ஓட்டை அல்ல, மேகம்.